பதினோரு விநாடிக் கதவு

"காலியான இந்தக் கட்டத்தில்தான் நம் நாட்டின் மௌனம் குடியிருக்கிறது" என்று விமர்சகர் குராமோச்சி மைக்கில் சொன்னதும், நாகானோ நகரத்துப் பழைய வீடியோ கேம் கடையில் மடக்கு நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அறுபது பேரும் தலையாட்டினார்கள்.

அவர் சொன்னது, அவர்கள் கொண்டாடக் கூடியிருந்த பழைய திகில் விளையாட்டில் வரும் ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டை. ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் நாயகி மிகாகே அதில் கையெழுத்துப் போட வேண்டும். 'யாரைப் பார்க்க' என்ற கட்டம் மட்டும் எல்லோருடைய ஆட்டத்திலும் காலியாகவே இருக்கும்.

விளையாட்டைச் செய்தவர்கள் அதை நிரப்ப மறந்துவிட்டார்கள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்பு இதே ஆட்டத்துக்குப் பத்துக்கு நாலு மதிப்பெண் போட்டவர் அவர். ஒவ்வொரு கதவும் திறக்கப் பதினோரு விநாடி ஆகிறது, அதற்குள் டீயே போட்டுவிடலாம் என்று எழுதினார். போகப் போக ஆட்டத்துக்குப் பக்தர்கள் சேர்ந்தார்கள். பக்தர்கள் சேர்ந்ததும் இவர் பூசாரியானார்.

அவர் விளையாடியது மொத்தம் நாற்பது நிமிடம். மிகாகேயை மூன்றாம் மாடியில் அப்படியே நிறுத்திவிட்டு விமர்சனம் எழுதப் போனவர்தான், திரும்பவேயில்லை.

தன் ஆட்டம் பதிவாகியிருந்த அந்தக் காலத்து மெமரி கார்டைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், காட்டுவதற்கு மட்டும். கடைக்காரி நிஷிவாகி அதை வெடுக்கென்று வாங்கி ஆட்டப்பெட்டியில் செருகிவிட்டாள்.

குராமோச்சி அதைப் பிடுங்கக் கை நீட்டினார். விளையாடிய நேரம் திரையில் வருமே. அறுபது பேர்.

வந்தது.

999 மணி 59 நிமிடம். அதற்கு மேல் அந்தக் கடிகாரத்துக்கு எண்ணத் தெரியாது.

"அடேங்கப்பா, ஆயிரம் மணி நேரமா! நாலு மார்க்கு போட்டுட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு ஆடிருக்கீங்களே சென்செய்!" என்றாள் நிஷிவாகி.

கைதட்டல் ஓயவில்லை. அவர் தன்னடக்கத்தோடு இடுப்பு வளைய வணங்கினார். நிமிர்ந்தபோதுதான் கீழே இருந்ததைப் படித்தார்.

இடம்: கீழ்த்தளம், வெளிவாசல்.

வந்தவர்: மிகாகே.

யாரைப் பார்க்க: குராமோச்சி.

ரகசிய முடிவு, ரகசிய முடிவு என்று பின்வரிசையில் கத்தினார்கள். நிஷிவாகி பொத்தானை அழுத்தினாள். மிகாகே வாசல் கதவில் கை வைத்தாள்.

ரசிகர்களின் வழக்கப்படி அறுபது பேரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு...

ஏழு எண்ணும்போது, இந்தக் கதவு இன்னும் கொஞ்சம் மெதுவாகத் திறக்கக் கூடாதா என்று குராமோச்சிக்கு முதல்முறையாகத் தோன்றியது.