பெயரில்லாத வாலிபன்

பதினான்காம் அதிகாரத்தை அண்ணி வாசிக்கத் தொடங்கியபோது, அவன் மூன்றாவது முறையாகப் பென்சிலைச் சீவினான்.

சீவ அதில் ஒன்றும் இல்லை. முனை ஊசி போலத்தான் இருந்தது.

அச்சகத்தின் பின்னறை. ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். மூலப்பிரதியை அண்ணி கமா, புள்ளி விடாமல் உரக்க வாசிப்பாள். அவன் ப்ரூஃபில் விரலை ஓட்டிக்கொண்டே பிழை திருத்துவான். ஆறு வருடமாக இப்படித்தான்.

கண் மங்கியவர்களுக்காகப் பெரிய எழுத்தில் வரும் பதிப்பு. மாற்கு எழுதிய நற்செய்தி மட்டும். நாளைக் காலை அச்சுக்குப் போக வேண்டும்.

இந்த அதிகாரத்தை வேறு யார் தலையிலாவது கட்டிவிட அவன் நேற்றே முயன்றான். மேனேஜர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“எல்லாம் சாமி புஸ்தகம்தானேய்யா. எந்தப் பக்கம் உன்னைக் கடிக்குது?”

அவன் ப்ரூஃபை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

காலையில் முன்னுரையைப் பார்த்து முடித்திருந்தார்கள். ஒரு பாதிரியார் எழுதிய மாற்குவின் வாழ்க்கை. தாயாருக்குப் பெரிய வீடு. நற்செய்தி சொல்ல ஊர் ஊராகப் போன பெரியவர்களோடு கிளம்பியவர், பாதி வழியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். மறுமுறை அவரைச் சேர்ப்பதா கூடாதா என்று அந்தப் பெரியவர்கள் இருவரும் சண்டை போட்டு, ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தே போனார்கள். கூடவே கூடாது என்றவர்தான், கடைசிக் காலத்தில் சிறையில் கிடந்தபோது அவரை அழைத்துவரச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

“பாதியில ஓடி வந்தவருக்கா இவ்வளவு பேரு!” என்று அண்ணி சிரித்தாள்.

அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். அதற்குப் பிறகு இன்னும் நாலு தடவை போய்விட்டான்.

இப்போது அண்ணி ஆண்டவரைக் கைது செய்யும் காட்சிக்கு வந்துவிட்டாள். தோட்டம். தடிகளும் வாள்களுமாய்க் கூட்டம். கூட இருந்த அத்தனை பேரும் அவரை விட்டு ஓடுகிறார்கள்.

அடுத்தது அந்த இரண்டு வசனங்கள். வெறும் உடம்பில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்த ஒரு வாலிபன். அவனையும் பிடிக்கிறார்கள். துணியைப் பிடித்தவர்கள் கையிலேயே விட்டுவிட்டு அவன் அம்மணமாய் ஓடுகிறான்.

அண்ணி நிறுத்தினாள்.

“இது யாரு? முன்னாடியும் வரல, பின்னாடியும் வரல. இதை எடுத்துட்டா ஒரு குறையும் தெரியாதே.”

“எழுதினவரேதான்னு சில பேரு சொல்றாங்க, அண்ணி. நிச்சயமா யாருக்கும் தெரியாது.”

அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

அவள் கணவரைத்தான் அவன் அண்ணன் என்று கூப்பிட்டான். இருவரும் முன்பு வேலை பார்த்த பழைய அச்சகத்தில் தொழிற்சங்கம் கட்டியவர். வாசலில் நடந்த கூட்டத்தில் போலீஸ் அவரைப் பிடித்துப் போனது. மூன்றாம் நாள் உடலைக் கொடுத்தது.

காய்ச்சல், அன்றைக்குக் கூட்டத்துக்கே வரவில்லை என்று அடக்கத்தின்போது அண்ணியிடம் சொன்னான். அடுத்த மாதமே இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தான்.

உண்மையில் அவன் அண்ணனுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். ஒரு கை வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. பட்டன்கள் தெறித்தன. சட்டையை அந்தக் கையிலேயே விட்டுவிட்டு, வெற்றுடம்போடு, பிடரியில் கால் பட ஓடினான்.

“பேரு ஏன் போடல? வெக்கமா?” என்றாள் அண்ணி.

“இருக்கும்.”

அவள் தாளைக் கீழே வைத்தாள்.

“எனக்கென்னமோ அப்படித் தோணல, தம்பி. வெளிய வந்தா ஆபத்துன்னு யாரோ அந்தப் பேரைப் பொத்தி வெச்சிருக்காங்க.”

அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

“உன் அண்ணனோட ஸ்டேஷன்ல உள்ள இருந்த ஒருத்தர், விடுதலையானதும் என்னைப் பாக்க வந்தாரு. மூணு நாளும் ஒரே கேள்விதானாம். ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி, இது யாரோடதுன்னு. தெரியாது, தெரியாதுன்னே சொன்னாராம். கடைசி வரைக்கும்.”

மேசையில் இருந்த பென்சில் உருண்டு விழுந்தது. அவன் குனியவில்லை.

“அண்ணி, அந்தச் சட்டை…”

“உடம்பைக் குடுத்தப்போ, அவரோட துணியோட அதையும் யாரோ மூட்டையில வெச்சுக் கட்டிட்டாங்க. தைச்சவளுக்குத் தெரியாதா?”

அப்போதெல்லாம் அவள் வீட்டில் தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். அவனுக்கு அளவெடுத்தவளும் அவள்தான்.

அடக்கத்தன்று காய்ச்சல் என்று அவன் சொன்னபோதே, அந்தச் சட்டை அவள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது.

“நீயா சொல்லுவேன்னு இருந்தேன்,” என்றாள். “எனக்கு உன்னோட கணக்கு வழக்கு ஒண்ணும் இல்ல. வெளியில அவரைக் கடைசியா பாத்தவன் நீ. அதைச் சொல்லு. அவ்வளவுதான்.”

அவன் சொல்லத் தொடங்கினான். வாசலில் யார் யார் நின்றார்கள். அண்ணன் எந்தப் பெட்டிமேல் ஏறிப் பேசினார். பேச்சு நடுவே எதற்குச் சிரித்தார். வண்டி வந்து நின்றபோது எந்தப் பக்கம் திரும்பினார்.

ஓடிய இடம் வந்தது.

“ஒருத்தன்” என்று அவன் சொல்லவில்லை. “நான்” என்றான்.