சம்மதக் குரல்

தன்னைத் தாவரவியலிலிருந்து சிவில் இன்ஜினியரிங்குக்கு மாற்றச் சொல்லித் தன் பெயரிலேயே விண்ணப்பம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும், செண்பகா பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஓடி வந்தாள்.

"நான் எதுவும் போடலை சார்."

"நேத்து நீங்கதானேம்மா போன்ல அழுதீங்க?" என்ற குமாஸ்தா ஜெபராஜ் பதிவை ஓடவிட்டார்.

'சார், அப்பா ரொம்ப ஆசைப்படறார் சார். தயவு பண்ணி மாத்திக் குடுங்க சார்.'

அவள் குரலேதான். குழைந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசியது. செண்பகாவுக்கு அந்தக் குழைவே அருவருப்பாக இருந்தது. வீட்டுக் கூடத்தில் இருக்கும் பேசும் கருவி, அப்பாவிடம் அவள் இத்தனை வருடம் கெஞ்சியதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட குரல் அது. அதை வைத்து அப்பா காரியத்தை முடித்திருக்கிறார்.

"அது எங்க வீட்டு மெஷின் சார்! உடனே கேன்சல் பண்ணுங்க!"

மேஜையிலிருந்த குரல் சோதனைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அட்மிஷன் அன்னிக்கு அப்பா பக்கத்துல நின்னு பதிஞ்சீங்களே, அந்தக் குரலோட நேத்து வந்தது தொண்ணூத்தெட்டு சதவீதம் ஒத்துப்போச்சு. இப்ப நாப்பதுதாம்மா காட்டுது. இப்படிக் கத்தினா நீங்கதான்னு அது எப்படி நம்பும்?"

செண்பகா பல்லைக் கடித்தாள். பிறகு தோளைக் குறுக்கி, தலையைச் சாய்த்து, மூக்கை உறிஞ்சினாள்.

"சார்... தயவு பண்ணி அதை ரத்து பண்ணிடுங்க சார்..."

பச்சை விளக்கு எரிந்தது.

"இப்பதாம்மா நீங்க பேசற மாதிரி இருக்கு" என்று ஜெபராஜ் சிரித்தார்.

ரசீதைக்கூட வாங்காமல், வாய் கொப்பளிக்கக் குழாய் தேடி ஓடினாள் செண்பகா.