முக்கோணத்துக்குள் ஒரு புள்ளி

மனைவி ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். அதில் ஒரு முக்கோணம், அதற்குள் ஒரு புள்ளி.

"இது என்ன?"

கணவர் தலையைச் சொறிந்தார். "சோப்பு?"

"உப்பு. நேத்தும் இப்படித்தான், சீட்டைப் பார்த்துட்டு உப்புக்குப் பதிலா சோப்பை வாங்கிட்டு வந்து நின்னீங்க."

"பழையபடி எழுத்தாவே இருந்தா என்னம்மா?"

"விபத்துல மண்டையில அடிபட்டு எழுத்தெல்லாம் மறந்துபோச்சுன்னுதானே டாக்டர் புதுசா இந்தக் குறிகளைச் சொல்லிக் கொடுத்தார்? சரி, இது?"

பெரிய வட்டம், கீழே இரண்டு குச்சிக் கால்கள்.

"உங்கம்மா?"

"கோழி."

அட்டைகளைப் பொத்தென்று மேஜையில் போட்டாள்.

"அடிபட்ட என் மண்டையிலேயே மளமளன்னு ஏறிடுச்சு. அடிபடாத உங்க மண்டைக்கு என்னங்க கேடு?"