நிர்வாகி உரிமையில் ஒரு முகம்

செத்துப்போன புருஷனின் முகத்துக்கு மாத வாடகை நாலாயிரம். பூங்கோதை பேரம் பேசி மூவாயிரத்து ஐநூறுக்கு முடித்து, முகத்தை விட்டால் திரும்பக் கிடைக்கும் முன்பணம் பன்னிரண்டாயிரமும் கட்டியிருந்தாள். அவர் நினைவுகளை ஏற்றிய கணினி முகம் அது; திரையில் சிரிப்பார், சாப்பிட்டாயா என்பார். ஆஸ்பத்திரியில் வாய் அடைத்துக் கிடந்த கடைசி நாளில் என்ன நினைத்தார் என்று கேட்டால் மட்டும், "அதைத் தொறக்க எனக்கு அனுமதி இல்ல புள்ள" என்பார்.

வாடகைக் கடை ரித்தீஷை வீட்டுக்கே வரவழைத்தாள்.

"நிர்வாகி உரிமையில ஓட்டுனா தொறக்கும்க்கா. ஆனா முகத்தை அப்படி ஓட்டக்கூடாது. வீட்டுல எதை வேணா படிப்பாரு, எதை வேணா அழிப்பாரு."

"உசுரோட இருந்தப்ப மட்டும் என்னைக் கேட்டா செஞ்சாரு? கடவுச்சொல்லைப் போடு தம்பி."

முகம் திறந்தது. அவள் வாயெடுப்பதற்குள் அவர் வீட்டுக் கோப்புகளை எல்லாம் படித்து முடித்திருந்தார். தாலிக்கொடி விற்ற ரசீது இருந்தது. மூன்று மாதமாக அவள் வாங்காமல் விட்ட இதய மாத்திரைச் சீட்டும் இருந்தது.

"எனக்காகவா புள்ள?"

"அதை விடுங்க. அன்னைக்கு என்ன நெனச்சீங்க, அதைச் சொல்லுங்க!"

அவர் தன்னை அழித்துக்கொண்டார். இருண்ட திரையில் கணக்கு மட்டும் நின்றது.

"வாடகை முன்பணம் பன்னிரண்டாயிரம், மருந்துக் கடைக்குக் கட்டியாயிற்று. பாக்கி இல்லை."