சிப்பி பதித்த அலமாரி

ஹார்லெம் நகரத்து வீட்டில் ஹீட்டர் இருந்தும் வைனாண்ட் அதைப் போட விட்டதில்லை. சூடு பட்டால் பழைய ஜப்பான் அலமாரியின் அரக்குப் பூச்சு வெடித்து, பதித்த முத்துச்சிப்பி உதிர்ந்துவிடுமாம். அந்த அலமாரியைத்தான் மனைவி ஹில்லி இப்போது இனாமாகத் தூக்கிக் கொடுக்கிறாள்.

“குடுக்காதேடி,” என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இனாமாவா? ஏதாவது குறை இருக்காம்மா?” என்றார் பழம்பொருள் வியாபாரி.

ஆத்திரத்தில் வைனாண்ட் அலமாரிக் கதவை அறைந்து சாத்தினார்.

வியாபாரி வெளிறிப்போனார். “பக்கத்துல யாருமே இல்லையே, கதவு எப்படிம்மா சாத்திக்கிச்சு?”

“என் வீட்டுக்காரர்தான். போன ஜனவரியில குளிர் தாங்காம நிமோனியா வந்து போய்ச்சேர்ந்தார். இதை விட்டு நகர மாட்டேங்கிறார்,” என்றாள் ஹில்லி. “வண்டியில தனி இடமெல்லாம் வேண்டாங்க. அலமாரிக்குள்ளேயே உக்காந்துக்குவார்.”