மதிலுக்கு அந்தப் பக்கம்

நிரோஜாவைக் கழற்றிவிடுவதென்று லெனாட் முடிவெடுத்துவிட்டான்.

பின்னே என்ன? அவன் வீடு கட்டுவான், அவள் வந்து பரிசோதிப்பாள், தேவகுமாரி வேலை செய்கிற நிறுவனம் கடன் கொடுக்கும். மூன்றும் ஒரே கூட்டு. வீடு வேண்டுமென்று வருகிறவர் யாராவது ஒருவரிடம் வந்தால் போதும், மற்ற இரண்டு அலுவலும் தானாக நடக்கும். மண்கல் சுவர், மழைத் தண்ணீரைச் சேர்க்கும் தாங்கி, கூரையிலே சூரிய மின்சாரம். 'நிலத்தை நோகடிக்காத வீடு' என்று சொல்லிச் சொல்லியே யாழ்ப்பாணத்தில் நல்ல பெயர் எடுத்திருந்தார்கள்.

கட்டுகிறவனும் பரிசோதிக்கிறவளும் கூட்டாளிகள் என்றால் யார் யாரைப் பிழை பிடிப்பது என்று ஊர் வாய் கேட்காமலில்லை. லெனாட் சிரித்துவிட்டுப் போவான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கொக்குவிலில் அவன் கட்டிய வீட்டுக்கு நிரோஜா கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறாள். சுவரில் குறையில்லை, கூரையில் குறையில்லை. பின்மூலையில் இருக்கிற மலக்குழி இடம் மாற வேண்டுமாம். அவள் கையெழுத்து இல்லாமல் தேவகுமாரி கடனின் கடைசிப் பங்கை விடமாட்டாள். புதுவீடு குடிபுகும் குடிபூரலுக்கும் நாள் வைத்தாயிற்று.

லெனாட் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரர் செல்வநாயகம் நிரோஜாவைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். அரிசி ஆலை நடத்துகிறவர். ஆலைச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல்.

"என்ரை கிணறு குசினிப் பக்கம் கிடக்கு. குழி அங்கை பின்மூலையிலை. பிறகென்ன பிள்ளை?"

"உங்கடை கிணறு சரி ஐயா. மதிலுக்கு அங்காலை அருட்பிரகாசம் ஐயாவின்ரை கிணறு இருக்கு. எங்கடை நிலம் சுண்ணாம்புக்கல். கீழாலை எல்லாம் ஒரே தண்ணிதான்."

"அவன்ரை கிணறு எனக்கென்ன? என்ரை காணியிலை எங்கை கிண்டுறதெண்டு அவனையோ கேக்கோணும்?"

இதை அவர் நிரோஜாவைப் பார்த்துச் சொல்லவில்லை, மதிலைப் பார்த்துச் சொன்னார். அந்த மதில் கட்டியபோது எல்லையில் வந்த சண்டை. இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை முகம் பார்த்துப் பேச்சில்லை. ஒரு சாவீட்டில்கூட ஒருவர் இருந்த பக்கம் மற்றவர் இருக்கமாட்டார். குழிக்கு அந்த மூலையைக் காட்டியதும் செல்வநாயகம்தான். ஏன் அங்கே என்று லெனாட்டுக்கு அப்போதே விளங்கியது. காசு கொடுக்கிற மனுசன் சொன்னால் நமக்கென்ன என்று வெட்டிவிட்டான்.

அவன் நிரோஜாவைத் தனியே கூப்பிட்டான்.

"நீர் எங்கடை ஆளோ, பக்கத்து வீட்டு ஆளோ?"

அவள் கோபிக்கவில்லை. "ஒருக்கா அங்காலை எட்டிப் பாத்திட்டு வந்து கேளுங்கோ அண்ணை" என்றாள்.

மிச்சமாய் அடுக்கியிருந்த கற்களில் ஏறி எட்டிப் பார்த்தான். கிணறு மதிலோடு ஒட்டின மாதிரி இருந்தது. கிணற்றுக்கட்டில் ஒரு இளம் தாய், பிறந்து சில மாதமான பிள்ளையைக் காலில் கிடத்தித் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைப்பெறுவுக்கு வந்த அருட்பிரகாசத்தின் மகளாக இருக்கவேண்டும்.

லெனாட் இறங்கினான். நிலத்தை நோகடிக்காத வீடென்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவனுக்கு மதிலுக்கு மேலால் ஒருதரம் பார்க்கத் தோன்றவில்லை. அவனுக்கே வெட்கமாக இருந்தது.

குழியை முன்வாசல் கேற்றடிக்கு மாற்றுகிறேன், செலவில் பாதி என்னுடையது என்று செல்வநாயகத்திடம் போய்ச் சொன்னான். அவர் குதித்தார். கார்க்கொட்டில் போட வைத்திருந்த இடம் போகிறதே என்றார். இந்தப் பெட்டை என்னைக் கட்டிப்போட்டு அடிக்கிறாள் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். கத்தி முடித்து, உன் காசு எனக்கு வேண்டாம், முழுச் செலவையும் நானே தருகிறேன், வெட்டித் தொலை என்றார்.

குழி மாறியது, கையெழுத்து விழுந்தது, காசும் வந்தது.

அடுத்த கிழமை மூவரும் நல்லூரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கூடினார்கள். லெனாட்டின் சந்தோஷத்தைப் பிடிக்க முடியவில்லை. கூட்டாளி கட்டிய வீட்டையே பிழை சொன்ன கூட்டு என்று கதை பரவி, உடுப்பிட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வீடு கேட்டு வருகிறார்களாம். இனி எந்தப் போட்டிக்காரன் வந்தாலும் அசைக்க முடியாது என்றான். நிரோஜாவைக் கழற்றிவிட நினைத்ததை அவனே சொல்லி, அவளிடம் மன்னிப்பும் கேட்டான்.

"ஆனா செல்வநாயகத்தின்ரை குடிபூரலுக்கு நான் போகமாட்டன்" என்றான். "பச்சைப்பிள்ளை குளிக்கிற தண்ணி எண்டு தெரிஞ்சும் அந்தக் கத்துக் கத்தின மனுசன். அவரின்ரை வீட்டிலை என்ரை கை நனையாது."

நிரோஜா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்தனான். நீங்கள் போகாமல் விட்டால் பாவம் அண்ணை, அதாலை சொல்லுறன். அங்காலை எட்டிப் பாக்கச் சொல்லி எனக்குப் போன் எடுத்ததே செல்வநாயகம் ஐயாதான். அந்தப் பிள்ளையின்ரை அழுகைச் சத்தம் கேட்ட நாளிலையிருந்து அவருக்கு நித்திரை இல்லையாம். 'அவனுக்காக நானாய் மாத்தினன் எண்டு இருக்கக்கூடாது. நீர்தான் என்னை மறிக்கோணும் பிள்ளை. நான் என்ன கத்துக் கத்தினாலும் விட்டுக்குடுத்திடாதையும்' எண்டு என்னட்டைக் கெஞ்சினவர்."