ஆயிரத்துக்கு ஒன்று குறைவு

"ஒரே ஒரு ஆள் குறையுது" என்றார் கணக்கெடுப்பு டீச்சர், படிவக் கட்டை மேசைமேல் வைத்தபடி. "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது."

சங்கக் கூடத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் "ஐயையோ!" என்றார்கள்.

பிழைப்புக்காக நாட்டின் நாலா மூலையிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களின் குடியிருப்பு அது. மொத்தம் ஒன்பது தாய்மொழிகள். குழாயடியில் சண்டை வந்தால் ஒன்பதிலும் நடக்கும். எல்லோருக்கும் பொதுவான குறை ஒன்றுதான், பஸ் கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவர்கள் வேலைக்கும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஆயிரம் பேர் வசித்தால்தான் பஸ் விடுவோம் என்று போக்குவரத்து ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த மக்கள்தொகைக் கணக்கில் ஆயிரம் தேறாவிட்டால் இன்னும் பத்து வருஷத்துக்கு நடைதான்.

ஆறு வருஷமாக மனு எழுதியே விரல் தேய்ந்த சங்கத் தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த விரல்களில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. இரண்டு நாளாக மாடி அறைக்குத் தானே வெள்ளையடிக்கிறார். "இப்ப எதுக்குங்க?" என்று கேட்ட மனைவியிடம், "பூச்சி வருது" என்று எரிந்து விழுந்திருந்தார்.

"டீச்சர், என் வீட்டுக்காரிக்கு இது எட்டாம் மாசம்" என்று எழுந்தார் லாரி டிரைவர். "வயித்துல இருக்கறதையும் சேர்த்துக்கோங்களேன்."

"வெளியே வந்தாத்தான் ஆள். கணக்கு நாளையோட முடியுது."

"என் மச்சான் மாசத்துல பத்து நாள் என் வீட்டுலதான் சாப்பிடறான்" என்றார் முடிதிருத்துபவர்.

"சாப்பிட வர்றவங்களை எண்ண முடியாதுங்க. இங்கேயே குடியிருக்கணும். இல்லேன்னா, இனிமே இங்கதான் இருக்கப் போறேன்னு வந்து சேர்ந்திருக்கணும்."

"புதுசா வந்து சேர்ந்தாக்கூடப் போதுமா?" தலைவர் சட்டென்று நிமிர்ந்தார். "நல்லாக் கேட்டுக்கோங்கப்பா. நாளைக்குள்ள பெட்டி படுக்கையோட ஒரு ஆள் வேணும். யார் வீட்டுக்கு யார் வர முடியும்னு யோசிங்க."

எல்லோரும் யோசித்தார்கள். யோசித்தவர்கள் ஒவ்வொருவராகக் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே தலைவரின் மகள் நர்ஸ் உடுப்போடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் ஒரு பேக்கரிக்காரனை விரும்புகிறாள். அவன் வேறு ஊர், வேறு மொழி. "அந்தப் பையன் இந்தக் குடியிருப்புல கால் வச்சா நான் என் பேரை மாத்திக்கறேன்!" என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில் தலைவர் சபதம் போட்டார். அப்பா சம்மதிக்காமல் போகமாட்டேன், வேறொருவனைக் கட்டவும் மாட்டேன் என்று மகளும் இருந்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே 'சாப்பிட்டாச்சா', 'ஆச்சு' என்ற இரண்டு வார்த்தைதான். இருவருக்கும் அது தாங்கமுடியாத வேதனை, ஆனாலும் இருவரும் இறங்கி வரவில்லை.

தையற்கார அக்கா தொண்டையைச் செருமினாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. அந்தப் பேக்கரித் தம்பிக்கு முன்னேயும் பின்னேயும் ஆள் கிடையாது. மாமா சரின்னு சொன்னா இங்கேயே வந்து கடை போட்டுக்கறேன்னு சொல்லிட்டிருக்கு…"

"யாரு அந்தப் பேச்சை எடுத்தது?" தலைவர் மேசையில் ஓங்கித் தட்டினார். தண்ணீர் டம்ளர் ஒரு குதி குதித்தது. "ஊருக்கு பஸ் வேணும்னு நான் வீட்டோட மாப்பிள்ளை எடுக்கணுமா?"

"அப்போ எங்க பிள்ளைங்க நடந்தே கிழவனாகட்டும்!" என்றார் டிரைவர்.

"பேரை மாத்திக்கறேன்னுதானே சொன்னீங்க? மாத்திட்டாப் போச்சு" என்றாள் தையற்கார அக்கா. "இன்னையிலேர்ந்து நீங்க பஸ் மாமா!"

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்காமல் மனைவியைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

"ரெண்டு வருஷமா நான் சொன்னதைத்தான் இன்னிக்கு ஊரே சொல்லுது. நான் புதுசா என்ன சொல்ல?"

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "சரி. ஊருக்காக. என் தலையெழுத்து." பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். "போன் போடும்மா. பெட்டி படுக்கையோட நாளைக்கே வரச் சொல்லு. அடுத்த வாரம் கல்யாணத்தைப் பதிவு பண்ணிடலாம்."

'அம்மா' என்று அவர் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே ஒன்பது மொழிக்காரர்களும் ஆரவாரத்தோடு ஓடினார்கள். தையற்கார அக்கா தலைவரின் மனைவியைக் கட்டிப்பிடித்தபடியே வாசலுக்கு இழுத்துப் போனாள்.

டீச்சர் தலைவர் வீட்டுப் படிவத்தைப் பிரித்தார். "புதுசா வர்றவர் உங்களுக்கு என்ன உறவுன்னு எழுதட்டும்?"

"மருமகன்" என்றார் தலைவர். சொல்லிப் பார்க்கவே அவருக்குப் பிடித்திருந்தது. "மருமகன்னு கொட்டை எழுத்துல எழுதுங்க."

டீச்சர் எழுதி முடித்தார். கூடத்தில் வேறு யாரும் இல்லை என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, முந்தாநாள் நீங்க வந்து கெஞ்சிக் கேட்டுக்கிட்ட மாதிரியே வாயால மட்டும் குறைச்சுச் சொல்லிட்டேன். படிவத்துல உண்மைக் கணக்கு, ஆயிரத்துப் பதிமூணு, அப்படியேதான் இருக்கு."

"பதினாலுன்னு திருத்துங்க டீச்சர்" என்றார் தலைவர், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.